மூன்றாவது பலகை

காவடிக்கரட்டில் முதல் பலகை தோன்றியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பாவாயி அக்கா தன் மெஸ்ஸின் கொல்லையில் முந்தின நாள் சாம்பாரைக் கீழே ஊற்றக் குண்டாவைச் சாய்த்த நேரத்தில். சாம்பார் விளிம்புவரை வந்து நின்றுகொண்டது, விழவில்லை. அக்காவின் நெஞ்சுக்கு நேரே, கை எட்டும் தூரத்தில், வெள்ளையாக ஒரு பலகை அந்தரத்தில் நின்றது, அதில் அச்சடித்த எழுத்தில் 'இந்தச் சாம்பாரைக் கொட்டுகிறீர்கள். கொட்டினால் மீட்க முடியாது. நிச்சயமாகவா?' என்று இருந்தது, அதற்குக் கீழே நீலத்தில் ஒரு பொத்தான், சாம்பல் நிறத்தில் ஒரு பொத்தான், நீலத்தில் 'ஆம்', சாம்பலில் 'வேண்டாம்'. பாவாயி அக்கா அதை இரண்டு தடவை படித்தாள், குண்டாவை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள், புளித்துத்தான் போயிற்று என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நீலத்தை அமுக்கினாள். சாம்பார் கொட்டியது, பலகை போய்விட்டது, அக்கா அடுத்த வேலையைப் பார்க்கப் போனாள்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பலகைதான். சலூனில் கத்தரி முடியில் படுமுன் ஒரு பலகை, தபால்பெட்டியில் கடிதம் விழுமுன் ஒரு பலகை, தேங்காய் உடைக்குமுன், கோழியின் கழுத்தில் கத்தி வைக்குமுன், துணிக்கடையில் சீலையைக் கிழித்துக் கொடுக்குமுன், பழைய நோட்டுப் புத்தகத்தை எடைக்குப் போடுமுன் ஒரு பலகை. எதைச் செய்தால் திரும்ப எடுக்க முடியாதோ அதற்கெல்லாம் வந்தது, கதவைத் திறப்பதற்கும் கட்டிலை நகர்த்துவதற்கும் வரவில்லை. ஊர் எல்லையில் இருக்கும் லாரி எடைமேடையைத் தாண்டினால் பலகை கிடையாது. ஏன் எங்கள் ஊருக்கு மட்டும் என்று ஒரு வாரம் பேசினோம், கருப்பனார் கோயிலில் பூப்போட்டுக் கேட்டோம், வெள்ளைப்பூ வந்தது, நல்லதுக்குத்தான் என்று அர்த்தம், அதற்குமேல் யாருக்கும் அதை நோண்ட நேரமில்லை, வேலை கிடந்தது.

பழகிக்கொள்ளத்தான் பாடுபட்டோம். ரயில் பாதைக்கு மேற்கே இருக்கிற தெருக்களில் 'ஆம்' வலப்பக்கம் இருந்தது, கிழக்கே இருக்கிற தெருக்களில் இடப்பக்கம் இருந்தது. மேற்குத் தெருக்காரர் ஒருவர் கிழக்கே இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போய், வேப்பமரத்தை வெட்ட வேண்டாம் என்று சொல்லத்தான் போனார், பேச்சுவாக்கில் கோடாலியை ஓங்கிக் காட்டினார், பலகை வந்தது, பழக்கதோஷத்தில் இடப்பக்கம் அமுக்கினார், முப்பது வருஷத்து மரம் ஒரே வெட்டில் சாய்ந்தது. அதிலிருந்து மாப்பிள்ளைமார் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பது எங்கள் ஊர் வழக்கமாகிவிட்டது.

அதைவிடச் சங்கடம் பேச்சுக்கு வந்த பலகைகள். புருஷன் பெண்டாட்டி சண்டையில், நூறு வார்த்தை சர்வசாதாரணமாகப் போகும், நூற்றியோராவது வார்த்தைக்கு வாயெடுக்கும்போது இருவருக்கும் நடுவில் பலகை வந்து நிற்கும். சொல்லப் போகிறவன் அதுவரை அதைப் பெரிய வார்த்தை என்று நினைத்தே இருக்கமாட்டான். பலகையின் முதுகைப் பார்த்துக்கொண்டு எதிரே நிற்கிறவளுக்கு மட்டும், ஏதோ ஒன்று வரப்போகிறது, வந்தால் போகாது என்று தெரியும். முதல் மாதம் எங்கள் ஊரில் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு மரியாதையாக இருந்தோம். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இப்போதும் ஏக்கமாகத்தான் இருக்கிறது.

இந்தப் பலகையை வரைந்தவள் எங்கள் ஊரிலேயே இருந்தாள் என்பது இரண்டாம் மாதம்தான் தெரிந்தது. கோகிலவாணி, லாரி ஓட்டும் நாச்சிமுத்துவின் மனைவி, இரும்புக்கடை மாடியில் இளங்குமரன் என்பவர் வைத்திருந்த கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். போனிலும் கம்ப்யூட்டரிலும் நாம் பார்க்கிற திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எந்த நிறத்தில் இருக்க வேண்டும், எதை அமுக்கினால் எது கேட்க வேண்டும் என்று வரைந்து தருவதுதான் அவள் வேலை. அவள் மகள் பக்கத்து வீட்டுக்காரியிடம், அம்மா வரைந்த பலகை மாதிரியே இருக்கிறது என்று வெகுளியாகச் சொல்லிவிட, மறுநாள் காலை பேரூராட்சி மண்டபத்தில் அவளை நிற்க வைத்துவிட்டார்கள்.

வாணி மறைக்கவில்லை. ஆமாங்க, நான் வரைஞ்சதுதான் என்றாள். போனில் கட்டைவிரல் வலப்பக்கம் விழும், அதனால் 'ஆம்' வலப்பக்கம், ஆபீஸ் கம்ப்யூட்டரில் இடமிருந்து படித்துப் பழகியவர்களுக்கு 'ஆம்' இடப்பக்கம், இரண்டுக்கும் தனித்தனியாக வரைந்தேன், ஏன் இரண்டும் திரையை விட்டு இறங்கி ஊருக்கு வந்தன என்று எனக்குத் தெரியாது என்றாள். அப்புறம் கேட்காமலே ஒன்று சொன்னாள். இப்படி எதற்கெடுத்தாலும் கேட்கும் பலகை வேண்டாம் என்று இளங்குமரனிடம் ஆறு மாதம் சண்டை போட்டாளாம், முன்னால் கேட்பதைவிட, செய்ய விட்டுவிட்டு, தப்பென்று தோன்றினால் மீட்டுக்கொள்ள ஒரு வழி வைப்பதுதான் முறை என்றாளாம், அவர் கேட்கவில்லையாம். ஒரு திரைக்கு ஒரு பலகை வந்தால் படிப்பார்கள், பத்துப் பலகை வந்தால் ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்றாள். நாங்கள் படிக்கிறோம் அம்மணி, எங்களை என்ன நினைத்தாய் என்று தலைவர் சொன்னார், எல்லோரும் தலையாட்டினோம்.

மூன்றாம் மாதம் ஒருவரும் படிக்கவில்லை. பாவாயி அக்கா இரண்டு கையிலும் தட்டோடு வந்து முழங்கையால் அமுக்கினாள், கறிக்கடைக்காரர் கத்தியின் பின்முனையால் அமுக்கினார், பலகை முழுசாகத் தெரியுமுன்னே நீலம் எந்த இடத்தில் வரும் என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. புருஷன்மார் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தபடியே அமுக்கிவிட்டு அந்த வார்த்தையைச் சொன்னார்கள். ஊர் பழையபடி ஆகிவிட்டது, முன்பைவிட ஒரு விரலசைவு கூடுதல், அவ்வளவுதான்.

படித்த ஒரே ஆள் டயர் பட்டறை அத்தியப்பன். ஒருநாள் பட்டறையில் அவர் போன் அடித்தது, பவானியில் கட்டிக்கொடுத்த தங்கச்சி வீட்டு நம்பர், எடுக்கப் போனார், பலகை வந்துவிட்டது. போன் எடுப்பதற்குப் பலகை வந்து அதுவரை ஊரில் யாரும் பார்த்ததில்லை. 'இந்தச் செய்தியைக் கேட்கிறீர்கள். கேட்டால் மீட்க முடியாது. நிச்சயமாகவா?' என்று இருந்தது. அவர் அமுக்கவில்லை. நாலு நாள் போன் அடித்து அடித்து ஓய்ந்தது, அவர் பலகையை எதிரே வைத்துக்கொண்டு சோறு தின்றார், பலகையை எதிரே வைத்துக்கொண்டு டயர் ஒட்டினார், ஐந்தாம் நாள் மைத்துனரே நேரில் பஸ்ஸைவிட்டு இறங்கினார், அவர் வாயைத் திறக்குமுன் இன்னொரு பலகை வந்தது. தங்கச்சி போய் ஐந்து நாளாகியிருந்தது. அதிலிருந்து அத்தியப்பன் போனையே தொடுவதில்லை.

இனி எலுமிச்சம்பழம். எங்களுடையது லாரி ஊர். வண்டி கிளம்பும்போது முன்சக்கரம் இரண்டுக்கும் அடியில் ஒவ்வொரு எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் போவோம், அதை வைப்பது டிரைவர் வீட்டுப் பெண்கள். பழம் நசுங்கினால் மீட்க முடியாதல்லவா, அதனால் ஒவ்வொரு பயணத்துக்கும் பழத்துக்கு ஒன்றாக இரண்டு பலகை வரும். வாணியும் மற்ற பெண்களைப் போல இடக்கை விரலால் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு வலக்கை விரலால் டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டுவாள், வண்டி நகரும், கையாட்டுவாள், அந்த வருஷத்தில் அப்படி முப்பது தடவையாவது ஆட்டியிருப்பாள்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை நாச்சிமுத்து மகாராஷ்டிரத்துக்கு ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு கிளம்பினான். மகளுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது, ரிப்பனைக் காணோம், இளங்குமரன் போனில் ஏதோ திரை சரியில்லை என்று கத்திக்கொண்டிருந்தார், போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வாணி பழத்தை வைத்தாள், தட்டினாள், வண்டி நகர்ந்தது, கையாட்டினாள், தெருமுக்கைத் தாண்டி வண்டியின் பின்பக்கம் மறைந்தது. வீட்டுக்குள் வந்து ரிப்பனைத் தேடி எடுத்து மகளுக்குச் சடை கட்டும்போதுதான் அவள் விரல் நின்றது. டக், டக், டக் என்று தட்டியிருந்தாள். பழம் இரண்டு. பலகை மூன்று.

ஓடிப்போய்ப் பார்த்தாள். வாசலில் நசுங்கின பழம் இரண்டு கிடந்தன, விதை தெறித்திருந்தது, மூன்றாவதாக நசுங்கினது எதுவுமில்லை, ஒரு எறும்புகூட இல்லை. உடனே நாச்சிமுத்துவுக்குப் போன் போட்டாள், எடுத்தான், எடைமேடை தாண்டிவிட்டேன் என்றான், எதுக்குப் புள்ள என்றான். சும்மாதானுங்க, பாத்துப் போங்க என்றாள். திரும்பி வந்துவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது, எதைப் படித்துவிட்டுச் சொல்வது, ஊருக்கே படிக்கமாட்டீர்கள் என்று மண்டபத்தில் நின்று சொன்னவள் தானே படிக்காமல் அமுக்கினேன் என்று யாரிடம் சொல்வது. இரண்டு நாள் மணிக்கொருதரம் கூப்பிட்டாள். மூன்றாம் நாள் காலையிலிருந்து தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் இந்தியில் சொல்ல ஆரம்பித்தது.

அந்த நாலு நாள் வாணி எப்படி இருந்தாள் என்று நாங்கள் பார்த்தோம். வேலைக்குப் போனாள், வந்தாள், ஆனால் எதற்குப் பலகை வந்தாலும் மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்தாள், வெங்காயம் நறுக்க வந்த பலகையைப் படித்தாள், கோலமாவு கொட்ட வந்த பலகையைப் படித்தாள், படித்துவிட்டு 'வேண்டாம்' என்பதை அமுக்கினாள், வெங்காயம் நறுக்காமலே கிடந்தது. மகளுக்குப் பாவாயி அக்கா மெஸ்ஸிலிருந்து சோறு போயிற்று. மூன்றாவது பலகையில் என்ன எழுதியிருந்தது என்று நினைவுபடுத்திப் பார்த்தாள், வெள்ளை மட்டும்தான் நினைவுக்கு வந்தது. அவள் பயம் எங்களுக்கும் தொற்றிக்கொண்டது, பாதகத்தி, எங்களுக்கும் கணக்குத் தெரியாதே, யார் யார் எதற்கெல்லாம் தட்டித் தொலைத்தோமோ என்று ஒவ்வொரு வீட்டிலும் பெண்கள் விரலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்தாம் நாள் மத்தியானம், பாவாயி மெஸ்ஸில் மகளுக்குச் சோற்றுப் பாத்திரம் வாங்க நின்றபோது, வாணியின் போன் அடித்தது. தெரியாத நம்பர். மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இருபது பேரும் கையை இலையில் வைத்தபடி நிறுத்திவிட்டோம், அத்தியப்பனும் அங்கேதான் இருந்தார், எல்லோருக்கும் அவர் கதை தெரியும், எல்லோரும் வாணியின் நெஞ்சுக்கு நேரே இருந்த காற்றைத்தான் பார்த்தோம். வாணி விரலை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். போன் ஆறு தடவை அடித்தது. பலகை வரவில்லை. அவள் விரல் வெறுங்காற்றை ஒருமுறை தட்டிப் பார்த்தது, ஒன்றும் தடுக்கவில்லை, போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"வாணி, நாந்தான்" என்றது போன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். நாச்சிமுத்து விவரம் சொன்னான். மலைப்பாதையில் மழை பிடித்துக்கொண்டது, டவர் எல்லாம் விழுந்துவிட்டது, மேலே ரோடு மூடிக் கிடக்கிறது, வண்டியை மலையோரம் ஒதுக்கி நிறுத்திவிட்டு மூன்று நாளாக உள்ளேயே படுத்திருக்கிறான், இது பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் கொடுத்த போன், இதற்கு மட்டும் இப்போதுதான் டவர் வந்தது, அவரிடம் இரண்டு இருக்கிறது, ஒன்றை வைத்துக்கொள்ளச் சொன்னார், ரோடு திறந்தால் கிளம்ப வேண்டியதுதான். சாப்பிட்டாயா, புள்ளை பள்ளிக்கூடம் போகுதா என்று கேட்டான். எல்லாம் நல்லபடியாகத்தான் இருந்தது. மெஸ்ஸில் இருபது பேரும் மறுபடி சாப்பிட ஆரம்பித்தோம். அப்புறம் அவன், "சரி புள்ள, நீயே வெச்சுரு, தூக்கம் வருது, வண்டிக்குள்ள செத்த படுக்கறன்" என்றான். வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிவப்புப் பொத்தானுக்கு விரலைக் கொண்டுபோனாள், பலகை வந்துவிட்டது.

அவள் படித்தாள். சத்தமாகப் படித்தாள், நாங்கள் எல்லோரும் கேட்டோம். "இந்த அழைப்பை முடிக்கிறீர்கள். முடித்தால் மீட்க முடியாது. நிச்சயமாகவா?"

அத்தியப்பன் எச்சில் கையோடு எழுந்து வந்துவிட்டார். அமுக்காதே, அமுக்காமல் இருந்தாலும் ஒன்றும் ஆகாது, நான் நாலு நாள் இருந்து பார்த்தேனே என்று சொன்னார். ஆனால் அந்தப் பலகையை வரைந்தவள் அவள், அதன் குணம் அவளுக்குத்தான் தெரியும். அண்ணா, உங்களுக்கு வந்தது நடந்து முடிந்ததைக் கேட்கவா என்று கேட்டது, இது நான் செய்யப் போவதைக் கேட்கிறது, நான் செய்யாவிட்டால் நடக்காது என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே அது நிச்சயமாகத் தெரியவில்லை, அவள் குரலிலேயே தெரிந்தது.

"ஏனுங்க, போன வெக்காதீங்க" என்றாள். "வண்டிய விட்டு எறங்குங்க."

"மழ பேயுது புள்ள."

"நனைஞ்சாப் பரவால்லைங்க. எறங்கி நடங்க. நடந்துக்கிட்டே பேசுங்க."

"லோடு?"

"கெடக்கட்டும். எனக்கு நீங்க வேணும்."

அவர்களுக்குக் கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை போலிருக்கிறது. போனில் லாரிக் கதவு திறக்கும் சத்தமும் மழையும் கேட்டது. பக்கத்து வண்டிக்காரரையும் எழுப்பச் சொன்னாள், எழுப்பினான், இருவரும் நடந்தார்கள், அவன் மூச்சு வாங்குவதை நாங்கள் போனை நடுவில் வைத்துச் சுற்றி நின்று கேட்டோம். அரை மணி கழித்துப் பெரிய மரம் முறிவதுபோல் ஒரு சத்தம் வந்து வெகுநேரம் நிற்காமல் இருந்தது. அது ஓய்ந்ததும், மலை சரிந்து இறங்கிவிட்டது வாணி, வண்டி நின்ற இடம் இல்லை என்றான்.

மூன்றாவது பலகையில் என்ன எழுதியிருந்தது என்று அப்போது வாணிக்குத் தெரிந்தது. அந்த வண்டி திரும்பாது என்றுதான் எழுதியிருந்தது, வேறொன்றுமில்லை. மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வண்டிதானுங்க, வண்டிதானுங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஆனால் அழைப்பை முடிக்க யாருக்கும் தைரியம் வரவில்லை. பலகை அவள் நெஞ்சுக்கு நேரே அப்படியே நின்றது, அவள் போகுமிடமெல்லாம் போனது. அவன் பஸ் ஏறி, ரயில் ஏறி வந்து சேர இரண்டு இரவு ஒரு பகல் ஆயிற்று, அத்தனை நேரமும் அந்த அழைப்பைத் துண்டிக்காமல் ஊரே பார்த்துக்கொண்டது. வாணி குளிக்கப் போனால் பாவாயி அக்கா போனை வாங்கிக்கொண்டு இன்றைக்கு என்ன பொரியல் என்று அவனுக்குச் சொன்னாள், மகள் ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்தாள், பேரூராட்சித் தலைவர் தெருவிளக்குப் பற்றிப் பேசினார், அங்கே ரயிலில் முகந்தெரியாத ஆட்கள் ஆளுக்கொரு சார்ஜர் கொடுத்தார்களாம். இளங்குமரன்கூட வந்து, ஆபீசில் இருந்த பெரிய பேட்டரியைக் கொடுத்துவிட்டு, வாணியின் முகத்தைப் பார்க்காமல், அந்த மீட்கும் வழியை நீ சொன்னபடியே வைத்துவிடலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாணி கண்ணசந்த நேரத்தில் அத்தியப்பன் போனை வாங்கினார். ஒரு வருஷத்துக்கு மேல் போனைத் தொடாத மனுஷன், அதைக் காதில் வைத்து, என்ன பேசுவதென்று தெரியாமல், தன் தங்கச்சி சின்ன வயசில் எப்படிச் சிரிப்பாள் என்று மூன்று மணி நேரம் நாச்சிமுத்துவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை நாச்சிமுத்து பஸ்ஸைவிட்டு இறங்கினான், சட்டையெல்லாம் சேறு, காதில் போன். வாணி எதிரே நின்றாள், காதில் போன், நடுவில் பலகை. வந்துட்டன் புள்ள என்று அவன் சொன்னது அவளுக்கு இரண்டு தடவை கேட்டது, முன்னால் ஒன்று, காதுக்குள் ஒன்று. இனி என்ன, ஆள் வந்தாயிற்றே, ஆம் என்று அமுக்கிவிடு என்று பின்னால் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். வாணி மூன்று வரியையும் இன்னொருமுறை படித்தாள். படித்துவிட்டு, எங்கள் ஊரில் வேறு எவர் விரலுக்கும் இடம் மறந்துபோயிருந்த அந்தச் சாம்பல் பொத்தானை, 'வேண்டாம்' என்பதை, அமுக்கினாள். பலகை போய்விட்டது.

அப்புறம் ஊரில் பலகைகள் குறைந்துவிட்டன, கோழிக்கும் தேங்காய்க்கும் இப்போது வருவதில்லை, எப்போதாவது ஒன்று வந்தால் தெருவே நின்று படிக்கிறது. நாச்சிமுத்து வேறொருவர் வண்டியை உள்ளூருக்குள் ஓட்டுகிறான். அந்த இரண்டு போனும் அவர்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில், வயர் மாட்டியபடி, எரிந்துகொண்டிருக்கின்றன, இதை அணைக்கலாமே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. போய் நின்று கேட்டால் அந்த வீட்டில் தாளிக்கிற சத்தம் ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் போய்க்கொண்டிருக்கும். திரையில் நேரம் ஓடுகிறது, நேற்று நான் பார்த்தபோது இருபத்தாறாயிரத்து நானூற்று முப்பது மணி நேரம் ஆகியிருந்தது.